லாக்ஸ்டன்: வேலி போடாத ஊரில் நாலு நாள்

முதல் நாள், புதன்

டாக்ஸி ஓட்டுநரிடம் லாக்ஸ்டன் போகவேண்டும் என்றேன். "மியூசியத்துக்கா?" என்று கேட்டார். இல்லை, வயல் பார்க்க என்றேன். முன்கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார். நவம்பர் கடைசி, மணி மூன்று, இன்னும் ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும், தூறல் வேறு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறி நியூவர்க்கில் இறங்கியிருந்தேன். அங்கே டிரென்ட் ஆற்றங்கரையில் ஓர் இடிந்த கோட்டை நிற்கிறது. 1216 அக்டோபரில் ஜான் மன்னர் செத்தது அதில்தான். ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வந்த காரியம் வேறு.

இங்கிலாந்துக் கிராமம் என்றால் பச்சைப் பச்சையாகக் கட்டங்களும் ஒவ்வொன்றையும் சுற்றிப் புதர்வேலியும்தானே கண்ணில் வரும்? அது ஆதிகாலம் தொட்டு அப்படியே இருக்கிறது என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அந்த வேலிகளில் கணிசமானவை நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு நட்டவை. 1604-லிருந்து 1914 வரைக்கும் ஏறத்தாழ 5,200 அடைப்புச் சட்டங்கள்; சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அதற்கு முன்னால், குறிப்பாக நாட்டின் நடுப்பகுதியில், ஊருக்கு இரண்டு அல்லது மூன்று பெருவயல்கள் இருந்தன. நடுவில் வேலியே கிடையாது. ஒவ்வொரு குடியானவருக்கும் எல்லா வயல்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீளப் பட்டைகள். நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லார் பங்கிலும் விழும். என்ன விதைப்பது, எப்போது மாடு அவிழ்த்துவிடுவது என்பதை ஊர்தான் முடிவு செய்யும்.

அந்த முறை ஊர் நிர்வாகத்தோடு சேர்ந்து இன்னும் உயிரோடிருக்கும் இடம் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயரின் இந்த லாக்ஸ்டன்தான். நாளை அங்கே ஜூரி நாள், அதாவது ஊர்க்காரர் சிலர் ஜூரியாக வயலுக்குப் போய்ப் பட்டை எல்லைகளைச் சரிபார்க்கும் நாள். அதனால்தான் இந்த மழையில் பயணம்.

தங்கியிருப்பது தெருவில் உள்ள ஒரு பழைய பண்ணை வீட்டில். செங்கல் சுவர், செந்நிற ஓடு. வீடு தெருவைப் பார்த்து இல்லை, பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது. அடுத்த வீடும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. தெருவோரத்தில் ஒடுக்கமான மனை. அதிலிருந்து பின்னால் நீளமாக முற்றம், களஞ்சியம், தொழுவம் என்று போகிறது. வேறு ஊர்களில் வேலி அடைத்ததும் அவரவர் நிலத்தின் நடுவே போய் வீடு கட்டிக்கொண்டார்கள். இங்கே நிலம் சிதறிக் கிடப்பதால் யாருக்கும் எங்கேயும் போய்க் கட்ட இடமில்லை. எல்லாப் பண்ணையும் தெருவிலேயே இருந்துவிட்டது. தெருவுக்குள்ளேயே டிராக்டர் போகிறது, சாணி வாசம் அடிக்கிறது. இந்த நாட்டில் பல அழகான கிராமங்களைப் பார்த்துவிட்டேன். சாணி வாசம் அடித்த முதல் ஊர் இதுதான்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது இருக்கும். கதவைத் திறந்ததும் "உள்ளே வா, மி டக்" என்றார். டக் என்றால் வாத்துதான். இந்தப் பக்கத்தில் ஆண், பெண், தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருமே டக். நம் ஊரில் கண்ணு, ராசா என்கிற மாதிரி. என் காலணியைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் கணவருடைய ரப்பர் பூட்ஸை எடுத்து அடுப்புப் பக்கத்தில் வைத்தார். நாளை காலை எட்டரைக்குத் தயாராக இருக்கவேண்டும்.

இரண்டாம் நாள், வியாழன்

பூட்ஸ் ஒரு எண் பெரியது. அது இல்லாமல் போயிருந்தால் காலணியை வயலிலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். இங்கே சிவப்புக் களிமண். ஒரு எட்டு வைத்தால் அரைக் கிலோ ஒட்டிக்கொள்கிறது.

டவ்காட் என்கிற மதுக்கடை வாசலில் டிராக்டரும் டிரெய்லரும் நின்றன. டிரெய்லரில் உட்கார வைக்கோல் கட்டுகள். ஜூரிமார் பன்னிரண்டு பேர். எல்லாரும் இந்த ஊரில் குத்தகைக்கு உழுகிறவர்கள். அவர்களுக்குத் தலைவராக ஒருவர், ஃபோர்மேன். கோட்டு, டை எல்லாம் இல்லை. சேறு படிந்த மேலாடையும் தொப்பியும். கூடவே ஒரு கட்டு மரமுளைகள், சம்மட்டி, மண்வெட்டி. வீட்டுக்கார அம்மா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

இப்போது மூன்று வயல்கள் இருக்கின்றன: மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல். ஆலை என்றது காற்றாலையை. மூன்றும் சேர்த்து சுமார் 480 ஏக்கர். முறை எளிது. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை. இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி, பயறு மாதிரி ஏதாவது. மூன்றாவது தரிசு, இப்போதெல்லாம் அதைச் சும்மா போடாமல் தீவனப்புல் விளைய விடுகிறார்கள். அடுத்த வருஷம் மூன்றும் ஒரு படி நகரும். மூன்று வயல்களிலும் பட்டை வைத்திருப்பவருக்கு எந்த வருஷமும் கோதுமையும் உண்டு, தரிசும் உண்டு.

ஜூரி போவது கோதுமை விதைத்து முளைத்திருக்கும் வயலுக்கு. இந்த முறை மேற்கு வயல். ஊர் எல்லையைத் தாண்டியதும் வேலி தீர்ந்துவிட்டது. சாலையின் இரண்டு பக்கமும் ஒன்றுமே தடுக்காமல் தரை மேலேறிப் போய் வானத்தைத் தொட்டது. நம் பக்கத்து மானாவாரிக் காட்டில் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது என்றால் மிகையில்லை. பச்சை முளை இரண்டு விரல் உயரம். ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவில் வரப்பு இல்லை. முளை வரிசை கொஞ்சம் திசை மாறியிருக்கும், அல்லது நிறம் ஒரு பங்கு வெளுத்திருக்கும், அவ்வளவுதான் எல்லை.

டிரெய்லர் நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். ஒருவர் வரிசை தொடங்கும் இடத்தில் நின்று ஒற்றைக்கண்ணை மூடித் தூரத்துக்குப் பார்த்தார். மறுமுனையில் ஒருவர் கையைத் தூக்கினார். "கொஞ்சம் இடது... இன்னும்... சரி." சம்மட்டி இறங்கியது. மரமுளை ஒரு முழம் உள்ளே போனது. அதைச் சுற்றிச் சின்னதாகக் குழி வெட்டினார்கள், அடுத்த வருஷம் மரமுளை போனாலும் தடம் இருக்கும் என்று. இவ்வளவுதான் வேலை. இதையே பட்டை பட்டையாகச் செய்துகொண்டு போகிறார்கள்.

சாலையோரம் வந்ததும் பேச்சு சூடு பிடித்தது. ஒருவருடைய உழவு சாலை விளிம்பைக் கொஞ்சம் தின்றிருந்தது. ஒரு கலப்பைச் சால் அகலம் இருக்கும், அதற்கு மேல் இல்லை. பூட்ஸ் கால்களால் அளந்தார்கள். கயிறு பிடித்தார்கள். கடைசியில் ஃபோர்மேன் குறிப்பேட்டை எடுத்து ஈரம் படாமல் குனிந்து எழுதிக்கொண்டார். யார் பட்டை அது என்று மெல்லக் கேட்டேன். பக்கத்தில் சம்மட்டியோடு நின்றவர் "என்னோடதுதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் ஜூரியில் ஒருவர்.

உழவுக்கு ஒத்துவராத பள்ளச் சரிவுகளும் ஓரங்களும் புல்லாகவே விடப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு சைக் என்று பேர். கலப்பை படாமல் நூற்றாண்டுகள் கிடந்ததால் காட்டுப் பூக்கள் தழைத்து, இப்போது இயற்கைப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. புல்லை வெட்டிக்கொள்ளும் உரிமையைக் கோடையில் ஏலம் விடுவார்கள். சைக்கைத் தொட்டு உழுதாலும் அபராதம்தான்.

நின்ற இடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. பர்லாங் என்று சின்ன வயதில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! பர்லாங் கல், அரைப் பர்லாங் தூரம் என்று. அந்தச் சொல் பிறந்தது இந்த மாதிரி வயலில்தான். உழுசால் நீளம் என்பதே அதன் பொருள்: 220 கெஜம், அதாவது எருதுகள் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போய்த் திரும்பும் நீளம். அந்த நீளத்துக்கு 22 கெஜ அகலம் சேர்த்தால் ஒரு ஏக்கர், ஒரு நாள் உழவு என்று கணக்கு. வெள்ளைக்காரன் நம் சாலையோரத்தில் கல் நட்டபோது தன் ஊர் எருதின் மூச்சையும் சேர்த்தே நட்டிருக்கிறான்.

மதியம் எல்லாரும் மதுக்கடைக்குத் திரும்பிச் சாப்பாடு. அபராதத் தொகையை அங்கே உட்கார்ந்துதான் பேசி முடிவு செய்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு என்னைச் சேர்க்கவில்லை. சரி, நியாயம்தான். வெளியே உட்கார்ந்து பூட்ஸிலிருந்து களிமண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அரை மணி ஆனது.

மூன்றாம் நாள், வெள்ளி

உடம்பெல்லாம் வலி, அதனால் இன்று மெதுவாக.

ஊருக்கு வடக்கே கோட்டை மேடு. கல்லும் இல்லை, சுவரும் இல்லை, புல் மூடிய மண்குன்றும் அகழிப் பள்ளமும்தான். நார்மன்கள் வந்த பிறகு எழுப்பியது. ஒரு காலத்தில் ஷெர்வுட் காட்டு நிர்வாகம் இங்கிருந்துதான் நடந்தது. எவரிங்ஹாம் என்கிற குடும்பம் பரம்பரையாகக் காட்டுக் காவலர்கள். ராபின் ஹூட் கதைகளில் வரும் அதே காடு, ஆனால் இவர்கள் எதிர்க்கட்சி. மேட்டின் உச்சியில் இன்னொரு சின்ன மேடு, லட்டு மேல் திராட்சை மாதிரி. அங்கிருந்து பார்த்தால் நேற்று நடந்த வயல் தெரிகிறது. ஆடுகள் என்னைப் பார்த்துவிட்டுத் தின்பதைத் தொடர்ந்தன.

புனித மைக்கேல் தேவாலயத்தில் எவரிங்ஹாம்கள் கல்லாகப் படுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பெண்சிலை மட்டும் ஓக் மரத்தில். கல்லுக்கு முகம் தேய்ந்துபோயிருக்கிறது. மரத்துக்குக் கை மடிப்பில் நார் ஓடுவதுகூடத் தெரிகிறது. தொடலாமா என்று தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பும் வழியில் பின்ஃபோல்ட் என்கிற பட்டி. பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைத்துவைக்கும் இடம். அபராதம் கட்டி ஓட்டிப்போகவேண்டும். இதை எனக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. "மாட்டைப் பவுண்டில் அடைச்சிட்டாங்க" என்று கேட்டு வளர்ந்தவன். நம் பவுண்டை நடத்தியது 1871-ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம். அதன் தாத்தாவை இன்று பார்த்தேன்.

அப்புறம்தான் இந்தப் பயணத்தில் நான் எதிர்பாராத விஷயம். மதுக்கடைக்குப் பின்னால் ஊர் வரலாற்றைச் சொல்லும் சின்னக் கூடம் இருக்கிறது. அங்கே 1635-ல் மார்க் பியர்ஸ் என்கிற நில அளவையாளர் வரைந்த வரைபடத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மூலப்பிரதி ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில். ஊரின் ஒவ்வொரு பட்டையும் அதில் இருக்கிறது, ஆயிரக்கணக்கில். யாருடையது, எத்தனை ஏக்கர் என்று கூடவே ஒரு பதிவேடு. ஓரங்களில் குட்டிக் குட்டியாக ஏர் ஓட்டுகிறவர்கள், கதிர் அறுக்கிறவர்கள், வேட்டை நாய்கள். நான் தங்கியிருக்கும் தெரு அப்படியே இருக்கிறது.

இதை வரையச் சொன்னவர் அன்றைய நிலக்கிழார் சர் வில்லியம் கூர்ட்டன். பேரைப் படித்ததும் எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. ஃபிளாண்டர்ஸிலிருந்து அகதியாக வந்த புராட்டஸ்டன்ட் குடும்பம், துணி வியாபாரத்தில் பெரும் பணம். 1627-ல் பார்படாஸில் ஆங்கிலேயர் முதலில் குடியேறியது இவர் செலவில். அப்புறம் அதே 1635-ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையை ஓரங்கட்டிவிட்டு முதலாம் சார்லஸ் மன்னர் இவருடைய கூட்டுக்கு இந்தியப் பக்கம் வியாபாரம் செய்ய அனுமதி கொடுத்தார். மறு வருஷம் ஜான் வெடல் தலைமையில் கப்பல்கள் கிளம்பிக் கோவாவுக்கும் பட்கலுக்கும் வந்து, பின்பு சீனாவின் கான்டன் வரை போயின. கூர்ட்டன் அதைப் பார்க்கவில்லை, 1636-லேயே இறந்துவிட்டார். வியாபாரமும் பின்னால் நொடித்துப் போனது.

ஒரே ஆள், ஒரே வருஷம். ஒரு கையில் இந்த ஊரின் கடைசிச் சால்வரை எண்ணச் சொல்கிறார், இன்னொரு கையால் நம் மேற்குக் கரைக்குக் கப்பல் அனுப்புகிறார். அமைதியான கிராமம் என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். பட்டையில் விளைந்த கோதுமைக்குக் கட்டிய வாடகை எந்தக் கப்பலின் பாய்க்குப் போனதோ.

சரி, மற்ற ஊர்களெல்லாம் வேலி போட்டபோது இது மட்டும் ஏன் தப்பியது? இரவில் வீட்டுக்காரரிடம் கேட்டேன். பழமையின் மேல் பற்று, மூதாதையர் மரியாதை என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். "ரெண்டு பிரபுக்களுக்கும் ஒத்துப்போகலை" என்றார். நிலத்தில் பெரும்பகுதி மான்வர்ஸ் பிரபுவிடம், மீதியில் நல்ல பங்கு ஸ்கார்பரோ பிரபுவிடம். வேலி அடைக்கவேண்டுமானால் பரிமாற்றம் செய்யவேண்டும்; அது படியவே இல்லை. படியும் காலம் வந்தபோது விவசாயத்தில் வருமானம் சரிந்துவிட்டது. வேலிக்கும் புதுப் பண்ணை வீடுகளுக்கும் செலவழிக்க மனசு வரவில்லை. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பட்டைகளை ஒன்றாகச் சேர்த்து எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்தார்கள், அதோடு விட்டுவிட்டார்கள். ஆக, இந்த ஊரைக் காப்பாற்றியதில் முதல் பங்கு ஒரு பங்காளிச் சண்டைக்கு. எனக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது.

1952-ல் அப்போதைய மான்வர்ஸ் பிரபு ஊரை விவசாய அமைச்சகத்திடம் விற்றார், முறை கெடாமல் காக்கவேண்டும் என்று. 1981-ல் அது அரச சொத்து நிர்வாகத்துக்குப் போனது. 2020-ல் தோர்ஸ்பி எஸ்டேட் எடுத்துக்கொண்டது. அது மான்வர்ஸ் குடும்பத்தின் பழைய எஸ்டேட்தான். சுற்றி வளைத்து வீட்டுக்கே வந்துவிட்டது.

தூங்கப் போகுமுன் டாக்ஸிக்காரர் சொன்ன மியூசியத்தையும் எழுதிவிடுகிறேன். சாயங்காலம் அங்கே போனேன். யூத இனப்படுகொலையின் நினைவாக 1995-ல் தொடங்கியது. ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துச் சகோதரர்கள், ஸ்டீபன் ஸ்மித்தும் ஜேம்ஸ் ஸ்மித்தும், ஜெருசலேமில் யாத் வாஷெம் நினைவகத்தைப் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தார்கள். தோட்டத்தில் கொல்லப்பட்ட 15 லட்சம் குழந்தைகளுக்காக ஒரு கற்குவியல். வருகிறவர்கள் ஒரு கல் வைக்கிறார்கள். நானும் வைத்தேன். கல் ஈரமாக, சில்லென்று இருந்தது.

நாலாம் நாள், அடுத்த வியாழன்

நடுவில் லண்டன் போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். இன்று கோர்ட் லீட், அதாவது ஊரின் பழைய பண்ணை நீதிமன்றம்.

மதுக்கடையின் அறைதான் நீதிமன்றம். மேசைக்குப் பின்னால் ஸ்டூவர்ட், அதாவது நிலக்கிழார் சார்பில் அமரும் வழக்கறிஞர். பக்கத்தில் பெய்லிஃப். மேசையில் பைபிளும் பதிவேடும். விளையாட்டு என்று நினைக்கவேண்டாம். 1977-ல் ஒரு சட்டம் இந்த மாதிரிப் பழைய பண்ணை நீதிமன்றங்களின் அதிகாரத்தையெல்லாம் ரத்து செய்தபோது, லாக்ஸ்டனை மட்டும் பேர் சொல்லி விட்டுவைத்தது. இங்கே போடும் அபராதம் சட்டப்படி செல்லும்.

முதலில் பெயர் வாசிப்பு. ஊர்க்காரர் எல்லாரும் வரவேண்டும் என்பது கணக்கு; வந்தவர்கள் அறை கொள்ளும் அளவுக்குத்தான். வராதவர்களுக்குச் சில்லறை அபராதம். அடுத்து ஃபோர்மேன் எழுந்து, போன வாரம் வயலில் எழுதிய குறிப்பேட்டை வாசித்தார். அதே ஈரக்கறை இன்னும் அட்டையில் இருந்தது. சாலை விளிம்பைத் தின்றவருக்குச் சில பவுண்டு. சைக்கில் கலப்பை திருப்பியவருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. எதிர்வாதம் இல்லை, விளக்கம் இல்லை. பணத்தைப் பார்த்தால் ஒரு பைண்ட் பீருக்கும் அடுத்த பைண்டுக்கும் நடுவில் நிற்கும் தொகை. ஆனால் பேர் வாசித்தபோது அந்தச் சம்மட்டிக்காரர் முகத்தைக் கவனித்தேன். வயலில் சிரித்தவர் இங்கே சிரிக்கவில்லை. காது சிவந்திருந்தது.

பிறகு அடுத்த வருஷத்து ஜூரி. பைபிளில் கை வைத்துப் பிரமாணம் எடுத்தார்கள். அவர்கள் போகவேண்டிய வயல் வேறு, கோதுமை நகர்ந்துவிட்டிருக்கும். மொத்தமும் முடிய முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கூட்டம் அப்படியே பாருக்கு நகர்ந்தது.

வீட்டுக்கார அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பேர் வாசித்தபோது தன் பேருக்கு "இருக்கேன்" என்றார். அடுத்து வந்த கணவர் பேருக்கு ஒன்றும் சொல்லவில்லை. மனுஷர் சளி பிடித்து வீட்டில் படுத்திருக்கிறார், காலையில் நான்தான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாம் முடிந்ததும் எழுந்து பெய்லிஃப் மேசைக்குப் போனார். பர்ஸைத் திறந்து, சில்லறையைத் துழாவி, இரண்டு செப்புக் காசை எடுத்து வைத்தார். பெய்லிஃப் பதிவேட்டில் ஒரு கோடு இழுத்தார்.

"சளி பிடித்தவருக்கும் உண்டா?" என்று வெளியே வரும்போது கேட்டேன்.

"நாலு எட்டு நடந்தா வந்திருக்கலாம், டக்" என்றார்.